விருப்பமுள்ளவர் வரட்டும்

எங்கள் யூத ஜெபக்கூடத்தில் எங்கள் வேதமான தோராச் சுருளருகே ஏறுவதற்கு ஆண்கள் முட்டிமோதிக்கொள்வார்கள். மூன்றாவதாக யார் ஏறுவது, ஆறாவதாக யார் ஏறுவது என்பதில் அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதுகூட உண்டு. ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, புத்தாண்டுப் பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஆறாவது அழைப்பு வந்ததும் அத்தனை பேருக்கும் செருப்பு வாரில் ஏதோ வேலை வந்துவிடும். அன்றைக்கு வாசிக்கும் பகுதியில்தான் சாபங்கள் இருக்கின்றன. ஐம்பத்து நான்கு வசனம். பழைய வருஷம் தன் சாபங்களையும் சுருட்டிக்கொண்டு போகட்டும் என்றுதான் பண்டிகைக்கு முன்னால் அதை வாசிக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் சுருளுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவனுக்கும் தைரியம் கிடையாது.

அதனால் அந்த அழைப்புக்கு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "விருப்பமுள்ளவர் வரட்டும்" என்பார்கள். விருப்பம் யாருக்கு வரும்? கடைசியில் வாசிப்பவனே தன்னைத்தானே அழைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கடகடவென்று ஓட்டி முடித்துவிடுவான். மாடியில் பெண்கள் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது. அந்தப் பத்து நிமிஷத்தில் நாங்கள் பண்டிகைச் சமையல் பேசுவோம். நானும் பேசியவள்தான். முப்பது வருஷம் பேசினேன்.

போன வருஷம் இந்தச் சனிக்கிழமை என் புருஷன் ஹனானியா எழுந்து போனான்.

அவன் இவன் என்று சொல்கிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வராது. எங்கள் யெருஹாமில் மதகுரு ரபியைத் தவிர யாருக்கும் அந்த மரியாதை கிடையாது. இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தின் நடுவில் வெயிலையும் புழுதியையும் சமமாகப் பங்குபோட்டுக்கொண்ட ஊர் இது. எங்கள் பெற்றோர் மொராக்கோவிலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். அதில் யாருக்கு யார் உசத்தி?

ஹனானியா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஈ மேல் கோபம் வந்தால்கூட ஜன்னலைத் திறந்து வழி காட்டுகிற ஆள். போன வருஷம் அழைப்பு வந்து, யாரும் எழுந்திருக்காமல், சுருள் திறந்தபடியே கிடந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாருக்கும் பொதுவான தோராவத் திறந்து வச்சிட்டு யாரும் போகாம இருந்தது, விருந்துக்கு வந்தவங்களப் பசியோட உக்கார வச்ச மாதிரி இருந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னான். போனான், ஆசி சொன்னான், பக்கத்தில் நின்றான், இறங்கி வந்தான்.

சுருளருகே நின்றுவிட்டு இறங்குகிறவன் கையைப் பிடித்து, "பலத்தோடும் ஆசியோடும் இரு" என்று வழியில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தரும் சொல்வது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒருவரும் கை நீட்டவில்லை. எல்லாரும் புத்தகத்தில் பக்கம் தேடினார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை கொஞ்சம் முன்னால் வந்து, பிறகு ஜெப அங்கியின் மடிப்புக்குள் போனது.

மூன்று மாதம் கழித்து, விளக்குப் பண்டிகையின் நாலாவது நாளில், எங்கள் மகள் ஹதாஸின் காலில் காரணமில்லாமல் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. இருபது வயது. பாலர் பள்ளியில் சேவை செய்துகொண்டிருந்தாள். ரத்தத்தில் வியாதி என்றார்கள். பேர்ஷேவா நகரத்து ஆஸ்பத்திரியில் ஏழு மாதம். ஆடி வெயில் கொளுத்துகிற நாளில் அவளைப் புதைத்தோம்.

அவளுடைய துக்கத்தின் ஏழு நாட்களில், வீட்டில் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்திருந்தோம். மர்செல் என் சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மர்செல் என்பவள் ஜெபக்கூடத்துக் காரியஸ்தன் ப்ரோஸ்பரின் மனைவி. மாடியில் இருபது வருஷமாக எனக்கு அடுத்த நாற்காலி. மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு.

"எல்லாரும் ஒதுங்கி நிக்கிற நெருப்புல போய் கை வச்சா என்ன ஆகும்? நல்ல மனுஷன்தான். ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டானே."

ஹனானியா அதைக் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் அவன் அதை நம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஹதாஸ் என்ற பெயர் வரவே இல்லை. முப்பது நாள் பிரார்த்தனை சொன்னான், முடித்தான். ஜெபக்கூடத்தில் தன் அப்பாவின் இடத்தை விட்டுவிட்டு, கதவோரம், செருப்பு மழைக்கோட்டெல்லாம் மாட்டுகிற மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அழைத்தால் தலையை ஆட்டி மறுத்தான். பஸ்ஸில் குழந்தைகள் ஏறும்போது முன்னெல்லாம் ஒவ்வொன்றின் தலையையும் தட்டிக்கொடுப்பான். இப்போது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுப்பதில்லையாம். ஒரு குழந்தையின் அம்மா என்னிடம் சொன்னாள். தன் கை பட்டால் என்னவாகுமோ என்று பயப்படுகிறான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மகளைப் பறிகொடுத்தேன். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. புருஷனையும் இந்த ஊர்க்காரர்களின் முணுமுணுப்புக்குக் கொடுப்பதா? மாட்டேன் என்று முடிவுசெய்தேன்.

இந்த வருஷமும் சாபம் வாசிக்கிற அந்த வாரம் வந்தது. புதன்கிழமை ப்ரோஸ்பரின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அவன் ஆணிகளை அளவு பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். நல்லவன்தான், வழுக்கைத் தலையன், எதற்கெடுத்தாலும் வியர்ப்பவன். ஹதாஸுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு சிறுவன் முதன்முதலாகத் தோரா வாசிக்கிற விழாவில், பெண்கள் மாடியிலிருந்து மிட்டாய் எறிகிற நேரத்தில், அவள் குறிபார்த்து எறிந்த மிட்டாய் ப்ரோஸ்பரின் உச்சந்தலையில் பட்டுத் துள்ளியது. அன்றிலிருந்து விழா நாட்களில் அவன் தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி போட்டுக்கொள்வான்.

"ப்ரோஸ்பர், இந்தச் சனிக்கிழமை ஹனானியாவப் பேர் சொல்லிக் கூப்பிடு" என்றேன்.

"எதுக்கு?"

"ஆறாவதுக்கு."

அவன் கையிலிருந்த ஆணிகள் தப்பான டப்பாவில் விழுந்தன. "யாகூத், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாபத்துக்கு ஒருத்தனப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா? அதுவும் அவனயா? இந்த வருஷம் வாசிக்கிற பையன் நெத்தானெலே ஏறிடுவான். பேசி வச்சாச்சு."

"அப்ப 'விருப்பமுள்ளவர் வரட்டும்'னு சொல்லு. சொல்லிட்டு காத்திரு. நெத்தானெல் பக்கம் உடனே திரும்பக் கூடாது."

"எவ்வளவு நேரம் காத்திருக்கறது?"

"ஒருத்தனுக்காவது வெக்கம் வர்ற வரைக்கும்."

அவன் நெற்றியைத் துடைத்தான். "பண்டிகை முடிஞ்சதும் என் பொண்ணு கல்யாணம். வம்பு வேணாம் யாகூத். உன் கஷ்டம் எனக்குப் புரியுது."

"உன் பொண்ணோட மருதாணி விழாவுக்கு எனக்கு அழைப்பு வரல. அந்தக் கஷ்டமும் புரியுதா?"

அவன் ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான். மருதாணிக்கு ஊரையே அழைத்திருந்தார்கள். குழந்தையைப் புதைத்தவள் கை கல்யாணப் பெண்ணின் மருதாணியில் படக் கூடாதாம். அந்தப் பெண்ணுக்கு முதல் பல் முளைத்தபோது கோதுமை அவித்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. எல்லா வெள்ளிக்கிழமையும் ஹனானியா அந்த வாரத்துப் பகுதியைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வசனத்துக்கு இரண்டு தடவை வாசிப்பான். கல்யாணமான நாளிலிருந்து ஆஸ்பத்திரி ஏழு மாதம் உட்பட ஒரு வாரம் விட்டதில்லை. அன்றைக்குப் புத்தகம் மூடியே இருந்தது. அவன் எதிரில் உட்கார்ந்து தேநீர்க் குவளையில் புதினா இலையைக் கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தான்.

நான் மறுநாளைக்காக ராத்திரியெல்லாம் வேகவிடுகிற ஸ்கீனாப் பானையில் கோதுமையும் கொண்டைக்கடலையும் முட்டையும் வைத்து மூடினேன். கையைத் துடைத்தேன். புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன்.

"என்ன பண்ற?"

"நீ படிக்கல. நான் படிக்கறேன்."

"மேல இருக்கறதப் படி. முதல் கனிகளைக் கூடையில கொண்டுபோறது. அந்நியன்கூட சேர்ந்து சந்தோஷப்படறது. அங்கயே நிறுத்திடு."

"நான் எங்க நிறுத்தணும்னு நான் பாத்துக்கறேன்."

சாபங்கள் ஆரம்பிக்கிற இடத்துக்கு நேராகப் போனேன். குரலைத் தாழ்த்தவில்லை. பானை மூடியில் எதிரொலிக்கிற அளவுக்கு வாசித்தேன். நகரத்தில் சாபம், வயலில் சாபம், கூடையில் சாபம். அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

"யாகூத், நிறுத்து. வீட்டுக்குள்ள வேணாம்."

"வீட்டுக்குள்ள ஏற்கனவே வந்தாச்சு, ஹனானியா. இனிமே எத சாத்தப் போற?"

அவன் உட்கார்ந்தான். நான் வாசித்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வரிகளை என் காதால் கேட்டேன். மகள்கள் கையைவிட்டுப் போவார்கள், உன் கண் நாளெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூத்துப்போகும், உன் கையில் வலுவிருக்காது என்று இருந்தது. இந்தப் புத்தகத்தில் எழுதாத வியாதியும் வரும் என்று இருந்தது. டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த அந்த நீளமான பெயர் ஞாபகம் வந்தது. வாசிப்பதை விடவில்லை. பிறகு அறுபத்தேழாவது வசனம் வந்தது.

"காலையில், சாயங்காலம் வராதா என்பாய். சாயங்காலத்தில், விடியாதா என்பாய்."

அங்கே என் நாக்கு நின்றுவிட்டது.

ஏழு மாதமும் காலை ஆறு மணியிலிருந்து ஹதாஸின் கட்டிலருகே நான். பஸ்ஸை நிறுத்திவிட்டு மாலையில் அவன் வருவான், ராத்திரி அவனுடையது. வராந்தாவில் நான் அவனிடம் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுப்பேன், அவன் என்னிடம் ஸ்வெட்டரைக் கொடுப்பான், அவ்வளவுதான் பேச்சு. காலை வேளைகளில்தான் ஊசி, காலையில்தான் முதுகுத் தண்டில் குத்துவது, காலையில்தான் டாக்டர்கள் கூட்டமாக வந்து தாளைப் பார்த்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் தினமும் சொன்னது ஒன்றுதான், சாயங்காலம் வராதா. ஹனானியாவிடம் அதைச் சொன்னதில்லை. உன் முறை சீக்கிரம் வரட்டும் என்று அவன் தலையில் தள்ளுகிற மாதிரி இருக்குமே என்று சொல்லவில்லை.

"திரும்பப் படி" என்றான் ஹனானியா.

படித்தேன்.

"நான் விடியாதான்னு சொல்லுவேன்" என்றான் அவன். குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ராத்திரி மூணு மணிக்கு வலி தாங்காம அவ என் கையக் கடிப்பா. ஜன்னல்ல வெளிச்சம் தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எப்படா விடியும், எப்படா யாகூத் வருவான்னு. உங்கிட்ட சொன்னதில்ல."

"நான் சாயங்காலம் வராதான்னு சொல்லுவேன்" என்றேன். "நானும் சொன்னதில்ல."

ஒரு வசனத்தில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்ததை யாரோ மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்திருக்கிறான். அந்த ஆஸ்பத்திரி அறையில் மூன்றாவது நாற்காலி ஒன்று இருந்திருக்கிறது, அதில் யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹனானியா தலையை ஆட்டினான். "ஆனா இது தண்டனைன்னுதானே எழுதியிருக்கு. சொல் கேக்காதவங்களுக்குன்னு மேலயே இருக்கு. நான் போய் நின்னேன், அது..."

"ஹதாஸ் என்ன சொல் கேக்கல? அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மூக்குச் சிந்தி விட்டாளே, அதுக்கா? அந்த மேல் வரியோட எனக்குச் சண்டை இருக்கு. சாகற வரைக்கும் சண்டை போடுவேன், செத்தப்புறம் நேர்லயே போய் போடுவேன். அத ஒத்துக்கச் சொல்லாத. ஆனா இந்த அறுபத்தேழு இருக்கே, இத எழுதினவன் அந்த நாற்காலில உக்காந்தவன். உக்காராம இத எழுத முடியாது. நீ சாபத்தத் தொடல ஹனானியா. எல்லாரும் ஓடின எடத்துல நீ நின்ன. ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான் நின்ன. உன் தங்கச்சி நின்னாளா? என் அண்ணன் நின்னானா? ஆரஞ்சுப் பழத்த வச்சிட்டு ஓடினாங்க."

அவன் குவளையைத் தள்ளிவைத்தான். பிறகு, "நாளைக்கு நான் ஏற மாட்டேன், யாகூத். என்னக் கேக்காத" என்றான். எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மர்செல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் பையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். கீழே மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக ஹனானியாவின் தலை தெரிந்தது. கதவோரம், மூலையில், யாரோடும் கலக்காமல் இருந்தான்.

ஐந்து அழைப்புகள் முடிந்தன. ப்ரோஸ்பர் மேடையில் நின்றபடி மேலே ஒரு தடவை பார்த்தான். எனக்குப் புரிந்தது. சொன்னபடி செய்யப்போகிறான்.

"ஆறாவது. விருப்பமுள்ளவர் வரட்டும்."

எழுபது ஆண்கள். ஒருத்தன் கண்ணாடியைத் துடைத்தான். ஒருத்தன் மகனுக்குப் பக்கம் காட்டினான். சுருள் அதன் வெள்ளிப் பெட்டியில் நிமிர்ந்து, திறந்தபடி நின்றது. ப்ரோஸ்பர் காத்திருந்தான். வியர்வை அவன் காதோரம் இறங்குவது மாடிக்குத் தெரிந்தது. வாசிப்பவன் நெத்தானெல் சின்னப் பையன், இப்போதுதான் அப்பா ஆனவன். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் ஏற விருப்பமில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் ப்ரோஸ்பர் அவன் பக்கம் திரும்பினான்.

நான் எழுந்தேன். சட்டங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"விருப்பமுள்ளவ ஒருத்தி மேல இருக்கேன்" என்றேன்.

கீழே தலைகள் நிமிர்ந்தன. மாடியிலிருந்து ஒரு பெண் அப்படிப் பேசி எங்கள் கூடத்தில் யாரும் கேட்டதில்லை.

"யாகூத், உக்காரு" என்றான் ப்ரோஸ்பர். "தோரா திறந்திருக்கு."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன். திறந்து வச்சிட்டு எழுபது ஆம்பளைங்க செருப்பப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. அதுல எழுதியிருக்கறது எனக்கு நடந்தது. எனக்குக் கேக்கணும். யாரும் நிக்க மாட்டீங்கன்னா நான் எறங்கி வர்றேன்."

"இது என்ன மார்க்கெட்டா?" என்று கீழே யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். மர்செல் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அடியே, உக்காருடி. மானம் போகுது."

"போகட்டும்" என்றேன். "அதயும் சேத்துப் பொதச்சிடலாம்."

கதவோரத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஹனானியா எழுந்திருந்தான். அவன் மேலே பார்க்கவில்லை. அங்கியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடு வழியாக நடந்தான். அவன் போகப் போக இரண்டு பக்கமும் முழங்கால்கள் உள்வாங்கின. மேடை ஏறினான். ஆசியைச் சொன்னான். எனக்குத் தெரிந்த குரல்தான், ஆனால் இரண்டு மாதமாக வீட்டில் கேட்காத குரல்.

நெத்தானெல் வாசித்தான். அந்தப் பகுதி முதலில் நல்ல வரிகளோடுதான் தொடங்குகிறது. களஞ்சியம் நிறையும், மழை பருவத்தில் வரும். அதெல்லாம் கணீரென்று வந்தது. பிறகு சாபத்தின் விளிம்புக்கு வந்ததும், வழக்கப்படி அவன் குரல் சட்டென்று உள்ளே போனது. மாடியில் ஒன்றும் இல்லை, உதடுகள் மட்டும் அசைந்தன.

ஏறியவன் வாசிப்பவனோடு சேர்ந்து வாய்க்குள் சொல்ல வேண்டும், அதுவும் வழக்கம். ஹனானியா சொன்னான். ஆனால் வாய்க்குள் இல்லை. முதல் வசனம் கூடத்தின் பின்சுவர் வரைக்கும் போனது. நகரத்தில் சாபம். வயலில் சாபம். பஸ்ஸில் கடைசி வரிசைக் குழந்தைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அவனுக்கு. நெத்தானெல் திகைத்து அவனைப் பார்த்தான். சாபங்களுக்கு நடுவில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். தொடங்கினால் முடித்தாக வேண்டும். ஒருவன் முணுமுணுத்து ஒருவன் உரக்கச் சொல்வது நன்றாகவா இருக்கும்? நாலாவது வசனத்தில் நெத்தானெலும் குரலை ஏற்றினான்.

மாடியில் பேச்சு நின்றது. சமையல் பேச வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். முப்பது வருஷமாகக் காதில் விழாத வரிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன. வீடு கட்டுவாய், அதில் குடியிருக்க மாட்டாய் என்றபோது, முன் வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்தாள். மகனுக்காகக் கட்டிய மாடி நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது அவளுக்கு. பைத்தியம், குருடு, நெஞ்சுத் திகைப்பு என்றபோது இன்னொருத்தி என் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினாள். எது வந்துவிடும் என்று இவ்வளவு நாள் பயந்துகொண்டிருந்தோமோ, அது எங்கள் ஒவ்வொருத்தியின் சமையலறையிலும் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது.

அறுபத்தேழு வந்தது.

"காலையில், சாயங்காலம் வராதா என்பாய்" என்று இருவரும் வாசித்தார்கள். அங்கே நெத்தானெலின் குரல் உடைந்தது. ஹனானியா மட்டும் தொடர்ந்தான். அந்த வசனத்தின் இரண்டாம் பாதியை, தன் பாதியை, அவன் தனியாகவே வாசித்தான். "சாயங்காலத்தில், விடியாதா என்பாய்."

பக்கத்தில் மர்செலின் உதடுகள் அதையே சொல்லின. அவளுடைய முதல் குழந்தை நாற்பது நாளில் போனது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய கதை, அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. பையை மட்டும் நடுவிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.

வாசிப்பு முடிந்தது. ஹனானியா ஆசி சொன்னான், மேடையிலிருந்து இறங்கினான். போன வருஷம் போலவே வழியில் எல்லார் கைகளும் புத்தகத்துக்குப் போயின.

இந்தத் தடவை அவன் கை மடிப்புக்குள் போகவில்லை. முதல் பெஞ்சில் முதல் ஆள் முன்னால் நின்றான். கையை நீட்டினான். அந்த ஆள் பக்கம் புரட்டினான். ஹனானியா நகரவில்லை. நீட்டிய கையோடு நின்றான். ஒருத்தன் எவ்வளவு நேரம்தான் பக்கம் புரட்டுவான்? கடைசியில் கையைக் கொடுத்தான். "பலத்தோடும் ஆசியோடும் இரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஹனானியா அடுத்தவன் முன்னால் போய் நின்றான். அடுத்தவன். அதற்கு அடுத்தவன். ஒருவரையும் விடவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பி, மேடைக்கு வந்து, ப்ரோஸ்பர் முன்னால் கையை நீட்டினான்.

ப்ரோஸ்பர் அந்தக் கையைப் பார்த்தான். அவனுடைய கை அங்கியைக் கசக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு மகள் கல்யாணம். கூடம் முழுக்க அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் மர்செல் எழுந்துவிட்டாள்.

"கையக் குடு, ப்ரோஸ்பர்" என்றாள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நம்ம பிள்ளையப் பொதச்சப்ப உன் கைய யார் புடிச்சா, மறந்துட்டியா? இவன் அப்பன் புடிச்சான்."

ப்ரோஸ்பர் கையைக் கொடுத்தான். இரண்டு கையாலும் பிடித்தான். என்னவோ சொன்னான், மேலே கேட்கவில்லை. ஹனானியா தலையை ஆட்டிவிட்டு நடந்தான். கதவோரத்துக்குப் போகவில்லை. தன் அப்பாவின் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

வெளியே வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. படிக்கட்டில் மர்செல், "பண்டிகை முடிஞ்சு வர்ற செவ்வாய்க்கிழமை மருதாணி. நீதான் கரைக்கணும்" என்றாள். "பாக்கலாம்" என்றேன். அவ்வளவு சுலபமாக அவளுக்குச் சரி சொல்ல எனக்கு மனமில்லை.

நானும் ஹனானியாவும் மலிவுக் குடியிருப்பு வழியாக நடந்தோம். அவன் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தான்.

"ஹதாஸ் மட்டும் இருந்திருந்தா" என்றான்.

நான் நின்றுவிட்டேன்.

"மேலேருந்து மிட்டாய் எறிஞ்சிருப்பா. சாபம் முடிஞ்சதுக்கு யாரும் எறியறதில்ல, ஆனா அவ எறிஞ்சிருப்பா."

"எறிஞ்சிருப்பா" என்றேன். "ப்ரோஸ்பர் தலையில."

"அவன் ஒத்தத் தொப்பிலதான் வந்திருந்தான் இன்னிக்கு" என்றான் என் புருஷன். "ஹதாஸுக்குக் குறி தப்பவே தப்பாது."